நாற்பத்தேழாம் தாளின் மேகம்

மார்ச் 11, செவ்வாய்.
இன்று ஒரு சிறு தவறு தெரிய வந்தது. தவறு என்னுடையது. ஜனவரியில் 47-ஆம் தாளில் பதினான்கு கோடுகளின் இடைவெளிகளை இணைத்தேன். ஸ்கேன் செய்தபோது அறுந்தவை என்று நினைத்தேன். அவை அறுந்தவை அல்ல. அப்படித்தான் வரைந்திருந்தார்கள். 'சிறு' என்ற சொல்லை நான் எழுதியிருக்கலாமா என்று தெரியவில்லை. நாளை அலுவலகத்தில் சொல்ல வேண்டும்.

அவள் இதை எழுதி முடித்தபோது வரைபடக்கலை மாலை வகுப்பில் மணி ஏழு. மற்றவர்கள் குனிந்த தலை நிமிராமல் குறியீட்டு அட்டவணையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் ஆளுக்கொரு தாளைக் கொடுத்துவிட்டு போன் பேச வராந்தாவுக்குப் போனவர் போனவர்தான். முப்பது குறியீடுகளை வரைய வேண்டும், பக்கத்தில் பொருள் எழுத வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. நோட்டை எடுப்பதற்கு முன், ஒன்பதாவது வரிசை வரை அவள் கை நன்றாகத்தான் ஓடியது. 'துண்டுக்கோடு: உயரம் அளக்கப்படாத இடம். உத்தேசம்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள். வைத்த பிறகுதான் அந்த வரி அவளுக்குள் இறங்கியது.

வரைபட அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். எதையும் இரண்டு தடவை பார்ப்பாள், மூன்றாவது தடவை லென்ஸ் வைத்துப் பார்ப்பாள் என்பதால் வந்த பெயர். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. கையால் வரைந்த பழைய மலைத்தாள்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றியிருப்பார்கள். ஒரே உயரத்தில் உள்ள இடங்களைத் தொட்டுக்கொண்டு போகிற பழுப்புக் கோடுகள் ஸ்கேன் செய்யும்போது ஆங்காங்கே அறுந்துபோகும். அவற்றைத் திரையில் ஒவ்வொன்றாக இணைப்பதுதான் அவள் வேலை. அதற்கென்று இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் சொல்லிக்கொடுத்தது ஒரே வாக்கியம்: இடைவெளி தெரிந்தால் இணை.

அவள் நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டினாள். ஜனவரி 22-இல் அவள் கையெழுத்திலேயே இருந்தது: '47-ஆம் தாள். 212 இணைப்புகள். நல்ல நாள்.'

நல்ல நாளாம். அந்தப் பக்கத்தைக் கிழித்து வாயில் போட்டு மென்றுவிடலாம் போலிருந்தது.

விஷயம் தாளில் விழுந்த தவறோடு நிற்கவில்லை. நாற்பத்தேழாம் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வியாழக்கிழமை காலையில் நான்கு பேர் அந்த மலைக்குப் போகிறார்கள். ஆள் அரவமற்ற மலை. ஊர் கிடையாது, பாதை கிடையாது, கூப்பிட்டால் கேட்பதற்கு ஒரு காது கிடையாது. அதற்கு அப்பால் உள்ள மேட்டுநிலத்தில் வானிலைக் கருவிகளை நட்டுவிட்டு வர வேண்டும். அந்த நான்கு பேரில் ஒருவன் அவளுடைய அண்ணன்.

போன வாரம்தான் அண்ணன் சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை விரித்துப் பெருமையடித்தான். "உங்க ஆபீஸ் மேப்பு பரவாயில்லடி குட்டி. இங்க பாரு வடக்குச் சரிவை. கோடெல்லாம் எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கு. சறுக்குமரம் மாதிரி இறங்கிடலாம். முகட்டைச் சுத்திப் போனா ரெண்டு நாள் கூட ஆகும்." கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் இதமான சரிவு. அது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அவன் விரல் வைத்துக் காட்டிய பதினான்கு கோடுகளும் அவள் இணைத்தவை. அன்றைக்கு அவளுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் கூடத்துத் தரையில் செய்தித்தாளை விரித்து, பூட்ஸுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் துணியில் சுற்றிய காற்றுமானி, காற்றின் வேகத்தை அளப்பது. பழுதாகிக் கிடந்த அந்தக் கருவியை ஆறு மாதமாகப் பிரித்துச் சேர்த்து, பிரித்துச் சேர்த்து ஓட வைத்தவன் அவன். அண்ணி அதற்குச் சக்களத்தி என்று பேர் வைத்திருந்தாள்.

"அண்ணா, வடக்குச் சரிவுல இறங்காதீங்க."

"ஏன், கெட்ட கனவு கண்டியா?"

அவள் சொன்னாள். முதலிலிருந்து, வரிசையாக, ஒன்றையும் விடாமல். சொல்லச் சொல்ல அவன் கையில் இருந்த மெழுகுத் துணி மெதுவாகி நின்றது.

"அதாவது அந்த இடத்தை எவனும் அளக்கல."

"ஆமா."

"அங்க என்ன இருக்கு?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னா தெரியாதுதான் அண்ணா."

"நாளன்னிக்குக் கிளம்பறேன், இன்னிக்கு வந்து தெரியாதுங்கறே!" அவன் துணியைத் தூக்கி எறிந்தான். அது அண்ணி காலடியில் போய் விழுந்தது. "மூணு வாரமா உக்காந்து பிளான் போட்டது. சாப்பாடு, கயிறு, பேட்டரி, எல்லாம் அந்தச் சரிவை நம்பி. குழுத் தலைவிகிட்டப் போய் என்னன்னு சொல்லச் சொல்றே? என் தங்கச்சி கோட்டை ஒட்டிட்டாளாம், எல்லாரும் சுத்திப் போகலாம்னா?"

"சொல்லித்தான் ஆகணும்."

"என் வாயால சொல்ல மாட்டேன். சிரிப்பாங்க. எழுத்துல கொண்டு வா. ஆபீஸ் முத்திரையோட கொண்டு வா. இல்லன்னா வாயை மூடிட்டுப் போய்ப் படு."

அண்ணி துணியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொல்றா. அதுக்கு முத்திரை வேற கேக்குது துரைக்கு," என்றாள். அண்ணன் பூட்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் பிரிவுத் தலைவரின் மேசைக்கு முன்னால் நின்றாள். பிரிவில் அவருக்கு டிக் சார் என்று பெயர். சரிபார்க்க வேண்டிய எதன்மேலும் டிக் விழுந்துவிடும், பார்வைதான் விழாது. மேசையில் மூன்று கண்ணாடி டம்ளர்கள், ஒரு டப்பா நிறையப் பச்சை மை பேனாக்கள், சுவரில் 'பிழையற்ற பணியே நம் பெருமை' என்று ஒரு அட்டை.

அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இதை வேற யார்கிட்ட சொன்னே?"

"வீட்ல அண்ணன்கிட்ட."

"நல்லது. அதோட நிறுத்திக்கோ. இங்க பாரு, புதுசா வந்த பொண்ணு, தப்பு சகஜம். நான் உன்னைக் காட்டிக் குடுக்க மாட்டேன். அடுத்த மாசம் உன் பேர் நிரந்தரப் பட்டியல்ல போகுது. அடுத்த பதிப்புல துண்டுக்கோடாவே போட்டுக்கலாம்."

"அடுத்த பதிப்பு எப்ப சார்?"

"ஒரு அஞ்சு வருஷம், ஆறு வருஷம்."

"நாளைக்குக் கிளம்பறாங்க சார்."

"அந்த மலையில காக்கா குருவி கூடக் கிடையாது. யாரும் இல்லாத இடத்துல கோடு எப்படி இருந்தா என்னம்மா?"

"வர்ற வாரம் நாலு பேர் இருப்பாங்க."

அவர் முகம் மாறியது. "சரி. அங்க செங்குத்து இருக்குன்னு நிரூபி. ஒரு படம், ஒரு அளவு, ஏதாவது கொண்டு வா. இப்பவே எல்லாத் தாளையும் திரும்ப வாங்கறேன்."

"இருக்குன்னு நான் சொல்லல சார்."

"பின்ன?"

"இருக்கா இல்லையான்னு யாருக்கும் தெரியாதுன்னு சொல்றேன்."

"தெரியாதுங்கறதுக்கு ஒரு அலுவலகத்தையே தலைகீழா நிறுத்தணுமா? போ. போய் வேலையைப் பாரு."

அவள் வெளியே வந்தாள். காது மடல் இரண்டும் சுட்டன. அவளுக்குக் கோபம் சட்டென்று வராது. வந்தால் முதலில் தன்மேல்தான் வரும். இந்த முறையும் அப்படித்தான் வந்தது. ஆனால் அது அங்கேயே நிற்கவில்லை. தன் இடத்தில் உட்கார்ந்து 47-ஆம் தாளின் கோப்பைத் திறந்தாள். 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் அவள் பெயர். 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் பச்சை டிக். தேதி ஜனவரி 24. அதே தேதியில் வேறு எத்தனை தாள்களுக்கு டிக் விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாள். முப்பத்தொன்று. ஒரு தாளை ஒழுங்காகப் பார்க்க அவளுக்கே அரை நாள் ஆகும்.

அவள் எழுந்து கீழ்த்தளத்துக்குப் போனாள்.

கீழ்த்தளம் முழுக்க மூலத்தாள்கள். அகலமான இரும்பு இழுப்பறைகள், சுவருக்குச் சுவர். அதைக் காப்பவள் கிடங்கு அக்கா. இருபது வருடமாக அந்த ஒரே நாற்காலி, அந்த ஒரே மேசை விசிறி. மேல்தளத்துக்காரர்கள் யாராவது இறங்கி வந்தாலே அவளுக்குச் சந்தேகம்.

"என்ன பூதக்கண்ணாடி, வழி தவறிட்டியா?"

"நாப்பத்தேழு மூலத்தாள் வேணும் அக்கா. அந்த இடத்தை விமானத்துலேர்ந்து எடுத்த படமும்."

"மேல கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்குன்னு சொல்லிட்டுத் திரியறீங்க. இப்ப மூலம் எதுக்கு?"

"கம்ப்யூட்டர்ல நான் கெடுத்துட்டேன்."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பேசாமல் சாவிக்கொத்தை எடுத்தாள். "இந்த வாசப்படியில நின்னு தன் வாயால இப்படிச் சொன்ன முதல் ஆளு நீதான்," என்றாள், நடந்துகொண்டே.

மூலத்தாள் பெரியது. மேசை போதாமல் ஓரம் தொங்கியது. அவள் லென்ஸை எடுத்து வடக்குச் சரிவில் வைத்தாள். அவள் திரையில் பார்த்தபோது மங்கலாக, தேய்ந்துபோனதுபோல் தெரிந்த கோடுகள் இங்கே பளிச்சென்று இருந்தன. மூன்று மில்லிமீட்டர் கோடு, ஒரு மில்லிமீட்டர் வெற்றிடம். மீண்டும் மூன்று, மீண்டும் ஒன்று. அறுந்த கோடு இவ்வளவு ஒழுங்காக அறுமா? இதை எப்படிப் பார்க்காமல் விட்டேன்? அன்றைக்கு அவள் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கோட்டைப் பார்க்கவில்லை. அதுதான் விடை. விடை தெரிந்ததில் ஆறுதல் ஒன்றும் இல்லை.

தாளின் ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. 'வடசரிவு: இரண்டு பறப்பிலும் மேகம். பார்க்கவில்லை. கோடுகள் உத்தேசம்.'

எழுதியவர் பெயர் இல்லை. அந்தக் குறிப்பு தாளின் எல்லைக் கோட்டுக்கு வெளியே இருந்ததால் ஸ்கேனில் விழவும் இல்லை.

அவள் எண்ணினாள். பதினான்கு கோடுகள், ஒவ்வொன்றிலும் பத்து வெற்றிடங்கள். முழுக்கோடு என்றால் ஒரே இழுப்பில் இழுத்துவிட்டுப் போய்விடலாம். இந்த மனிதர், அல்லது மனுஷி, நூற்று நாற்பது தடவை பேனாவைத் தூக்கித் தூக்கி வைத்திருக்கிறார். எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது என்று நூற்று நாற்பது தடவை. அத்தனையையும் ஒரே பிற்பகலில் அவள் 'தெரியும்' என்று மாற்றிவிட்டாள். அதற்கு ஒருவர் டிக் போட்டார். முப்பத்தொன்றில் ஒன்றாக.

பல்லைக் கடித்துக்கொண்டாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை.

விமானப் படங்கள் இரண்டையும் அக்கா இரட்டைக்கண் கருவிக்குக் கீழே வைத்தாள். ஒரே இடத்தைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி எடுத்த இரண்டு படங்கள். கருவியின் இரண்டு கண்ணாடிகள் வழியாகப் பார்த்தால் தட்டையான படம் எழுந்து நிற்கும். மலை எழுந்தது. முகடுகள் கண்ணைக் குத்துகிற மாதிரி மேலே வந்தன. நடுவில் வெள்ளையாக மேகம், தட்டில் கொட்டிய பால்போல. அதன் தெற்கு விளிம்பில் ஓரிடத்தில் பாறை சட்டென்று நின்றுவிட்டது. அதற்குக் கீழே கறுப்பாக ஒரு நிழல், ரம்பப் பல்போல.

"அக்கா, இது பாறை நிழலா, மேகத்தோட நிழலா?"

அக்கா குனிந்து பார்த்தாள். "நான் சாவி வச்சிருக்கிறவ. என்னைக் கேக்கறியே."

அவள் நிழலை அளந்தாள். இரண்டு தடவை அளந்தாள். பாறையின் நிழலாக இருந்தால் அறுபது மீட்டர் வீழ்ச்சி. மேகத்தின் நிழலாக இருந்தால் ஒன்றுமே இல்லை. மேகத்தின் நிழல் இவ்வளவு கூர்மையாக விழாது என்று தோன்றியது. தோன்றுவது போதாது என்றும் தோன்றியது. நோட்டில் எழுதினாள்: 'அறுபது மீட்டர் இருக்கலாம். நிச்சயம் இல்லை.'

"தாளை வெளிய எடுத்துட்டுப் போகலாமா அக்கா?"

"மூலம் வாசப்படி தாண்டாது. நான் செத்தாலும் தாண்டாது."

"அப்ப டிரேஸ் எடுத்துக்கறேன்."

கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் தாளை மூலத்தின் மேல் விரித்து, பழுப்பு மை பேனாவால் அந்தப் பதினான்கு கோடுகளையும் அவள் எடுக்கத் தொடங்கினாள். மூன்று மில்லிமீட்டர், தூக்கு. மூன்று மில்லிமீட்டர், தூக்கு. எட்டாவது கோட்டில் கை வலித்தது. ஓரக் குறிப்பையும் எழுத்து மாறாமல் எடுத்தாள். முடிந்தபோது மணி ஒன்றரை.

அக்கா இழுப்பறையிலிருந்து ஒரு ரப்பர் முத்திரையை எடுத்து, அதன்மேல் வாயால் ஊதி, ஓரத்தில் ஓங்கிக் குத்தினாள். 'மூலத்தின் உண்மை நகல். ஆவணக் கிடங்கு.'

"இதை எவனும் மதிக்கிறதில்ல. ஆனா சட்டப்படி இது முத்திரைதான். போ."

அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் ஒரு தகரக் கொட்டகை. மலைக்குப் போகிறவர்கள் மூட்டை கட்டுகிற இடம். தரை முழுக்கக் கயிறும் டப்பாவும் தார்ப்பாயும். குழுத் தலைவி உத்தரத்தில் தொங்கிய தராசில் ஒவ்வொரு பையாக மாட்டி எடை பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் காய்ந்த முகம், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அண்ணன் மூலையில் காற்றுமானியைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். தங்கையைப் பார்த்ததும் அவன் கண்ணாலேயே வேண்டாம் என்றான்.

பூதக்கண்ணாடி தரையில் கிடந்த அச்சுத் தாளின் மேல் தன் டிரேசை விரித்தாள். மூலைகளைப் பொருத்தினாள். அச்சில் முழுக்கோடு, அதன்மேல் துண்டுக்கோடு.

"இது என்னது?" என்றாள் தலைவி.

"இந்த இடத்தை யாரும் பார்க்கல மேடம். படம் எடுத்தப்ப மேகம். மூலத்துல துண்டுக்கோடு போட்டிருந்தாங்க. நான்தான் தெரியாம முழுசா மாத்திட்டேன்."

தலைவி மண்டியிட்டு உட்கார்ந்து ஓரக் குறிப்பைப் படித்தாள். விரலால் முத்திரையைத் தடவினாள். நிமிர்ந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு வண்டி. இப்ப மணி என்ன தெரியுமா உனக்கு?"

"ஒண்ணே முக்கால்."

"எனக்குப் பதில் வேணாம்!" கொட்டகை அதிர்ந்தது. கயிறு சுற்றிக்கொண்டிருந்த மற்ற இருவரும் நின்றுவிட்டார்கள். "ஜனவரியில பண்ணின தப்பை மார்ச்சுல கொண்டு வர்றே. ஆபீஸ்ல ஏசி ரூம்ல உக்காந்து கோட்டை இழுத்துடறீங்க. அதை நம்பிக் கால் வைக்கிறது யாரு? நாங்க! போன தடவை வேற ஒரு தாள்ல ஓடையே இல்லாத இடத்துல ஓடை. ரெண்டு நாள் நாக்கு வறண்டு கிடந்தோம். அதுக்கும் எவனோ சரின்னு கையெழுத்துப் போட்டிருந்தான்."

அவள் தலை குனிந்து நின்றாள். தலைவி சொன்னது அத்தனையும் சரிதான்.

அப்போது டிக் சார் உள்ளே வந்தார். யாரோ போன் போட்டிருக்க வேண்டும். வேகமாக வந்ததில் மூச்சு வாங்கியது.

"மேடம், இந்தப் பொண்ணு என் அனுமதி இல்லாம வந்திருக்கு. சின்ன விஷயத்தைப் பெரிசாக்குது. தாள் சரிபார்த்த தாள்தான்."

"யாரு சரிபார்த்தது?"

"பிரிவுதான். முறைப்படி."

"நீங்களா?"

"நான்தான்னு வச்சுக்குங்களேன்."

தலைவி எழுந்து நின்றாள். முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள். அவள் குரல் இப்போது தணிந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"அப்ப சௌகரியமாப் போச்சு. வண்டியில அஞ்சாவது சீட் காலியா இருக்கு. நீங்களும் வாங்க. அந்தச் சரிவுல முதல்ல நீங்க இறங்குங்க. நாங்க மேல நின்னு கயிறு பிடிச்சுக்கறோம். சறுக்குமரம் மாதிரி இருக்குதாமே?"

கயிறு சுற்றிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் சிரித்தான். டிக் சார் சிரிக்கவில்லை. சட்டைப் பையில் இருந்த பச்சைப் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எனக்கு முட்டி வலி," என்றார்.

"எனக்கும் இருக்கு சார். அஞ்சு வருஷமா இருக்கு."

அதற்கு மேல் அவர் சரிவைப் பற்றிப் பேசவில்லை. பூதக்கண்ணாடியைப் பார்த்துத் திரும்பினார். "சாயங்காலத்துக்குள்ள விளக்கம் எழுதிக் குடு. முழுப் பொறுப்பும் உன்னோடதுன்னு எழுது. நிரந்தரம் பத்தி அப்புறம் பார்க்கலாம்."

எட்டு மாதமாக இந்த மனிதர் எழுதச் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்துப் பழகியவள் அவள். ஆனால் பழுப்பு மை இன்னும் விரலில் காயவில்லை. கை வலித்தது. அந்த வலி துணைக்கு நின்றது.

"என் தப்பை எழுதறேன் சார். நூத்தி நாப்பது இடம், ஒவ்வொண்ணா எழுதறேன். ஆனா அந்தப் படிவத்துல சரிபார்த்தவர்னு ஒரு கட்டம் இருக்கு. அதையும் நிரப்புவேன். அன்னிக்கு ஒரே நாள்ல முப்பத்தொரு தாள் சரிபார்த்திருக்கீங்க. அதையும் எழுதுவேன்."

"மிரட்டறியா?"

"இல்ல சார். எண்ணிக்கை சொல்றேன்."

"குதிரை கீழே தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சதாம்," என்றார் அவர், யாரிடம் என்று இல்லாமல்.

"தள்ளினது நான்தான் சார். அதைத்தான் காலையிலேர்ந்து சொல்லிட்டிருக்கேன். குழி இருக்கா இல்லையான்னுதான் யாருக்கும் தெரியல!"

கடைசி வார்த்தை கத்தலாக வந்தது. அவளே திடுக்கிட்டாள். டிக் சார் வந்த வேகத்திலேயே வெளியே போனார்.

யாரும் கைதட்டவில்லை. தலைவி சிவப்புப் பேனா எடுத்து அச்சுத் தாளில் மேகத்தின் அளவுக்கு ஒரு வட்டம் போட்டு, உள்ளே 'பார்க்கவில்லை' என்று எழுதினாள். மற்ற மூன்று பிரதிகளிலும் எழுதினாள். பிறகு தராசுக்குத் திரும்பினாள்.

"முகட்டைச் சுத்திப் போறோம். ரெண்டு நாள் கூடுது. நாலு பேருக்கு ரெண்டு நாள் சாப்பாடு, எரிபொருள். இருபது கிலோ வேணும். எதை எறியறது?"

எல்லோர் கண்ணும் மூலையில் இருந்த பெட்டிக்குப் போனது. காற்றுமானி, அதன் தூண், பேட்டரி எல்லாம் சேர்த்துப் பத்தொன்பது கிலோ.

"அது அடுத்த வருஷம் போகட்டும்," என்றாள் தலைவி.

அண்ணன் பெட்டியின் மூடியைச் சாத்தினான். சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது. தங்கையின் பக்கமே திரும்பாமல் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தான். அவள் பின்னால் ஓடினாள். தெருவைக் கடக்கும்போது எட்டிப் பிடித்தாள்.

"அண்ணா, ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்."

"தொடாதே."

"கனமா இருக்கு."

"ஆறு மாசம்டி. ஒவ்வொரு திருகாணியும் நான் போட்டது. அங்க ஒண்ணுமே இல்லாம, சும்மா புல்லுச் சரிவா இருந்தா? அப்ப என்ன சொல்லுவே?"

"புல்லுச் சரிவா இருந்துச்சுன்னு சொல்லுவேன்."

"அதுக்கா இவ்வளவும்?"

"ஆமா, அதுக்குத்தான்!" அவளும் கத்தினாள். நடைபாதையில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். "காத்து எவ்வளவு அடிக்குதுன்னு ஊகமா எழுதிட்டு வர வேண்டியதுதானே நீங்க! எதுக்கு ஆறு மாசம் இதைக் கட்டிட்டு அழுதீங்க? உங்க கருவி மட்டும் பொய் சொல்லக் கூடாது, என் கோடு சொல்லலாமா?"

அவன் நின்றான். பெட்டியைத் தரையில் வைத்தான். மூச்சு வாங்கினான். சமாதானமாகிவிட்டான் என்று சொல்ல முடியாது. முகம் அப்படியே கடுகடுவென்றுதான் இருந்தது. ஆனால் பெட்டியின் ஒரு பக்கத்துக் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை விட்டுவைத்தான். அவள் பிடித்தாள். இருவரும் வீடு வரைக்கும் தூக்கி வந்தார்கள். வாசலில் அண்ணி பார்த்தாள். "சக்களத்தி திரும்பி வந்துட்டாளா?" என்று கேட்க வாயெடுத்தவள், இருவர் முகத்தையும் கண்டு கதவை மட்டும் அகலமாகத் திறந்துவிட்டாள்.

நான்கு மணிக்கு அவள் மீண்டும் அலுவலகத்துக்குப் போய் விளக்கத்தை எழுதினாள். மூன்று பக்கம் வந்தது. நான்காவது பக்கம் தொடங்கும்போது பேனா நின்றது. காலையிலிருந்து நாற்பத்தேழு, நாற்பத்தேழு என்றே ஓடிக்கொண்டிருந்ததில் அவள் ஒன்றை யோசிக்கவே இல்லை. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அவள் சுத்தம் செய்தது ஒரு மலைத்தாள் அல்ல. பதினொன்று. 44-இலிருந்து 54 வரை. எல்லாவற்றிலும் இடைவெளிகள் இருந்தன. எல்லாவற்றையும் இணைத்தாள். எல்லாவற்றிலும் பச்சை டிக்.

கோபம் ஆறியிருந்தது என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை. அடுப்படியில் மறந்து வைத்த பாத்திரம்போல் அடியில் சுட்டுக்கொண்டே இருந்தது. பதினொரு தாள்களையும் விளக்கத்தில் எழுதினாள், தேதியோடு. கையெழுத்துப் போட்டாள். டிக் சார் இருக்கையில் இல்லை. அவர் மேசையில், டம்ளர்களுக்கு நடுவில் வைத்தாள். ஒரு நகலைக் கிடங்கு அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை குத்தி வாங்கிக்கொண்டாள். அக்கா படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "பதினொண்ணா? நாளைக்கு வர்றப்ப உனக்கும் ஒரு நாற்காலி தூக்கிட்டு வா. இங்க ஒண்ணுதான் இருக்கு."

மாலை வகுப்புக்கு அரை மணி தாமதமாகப் போனாள். பின் வரிசையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

மார்ச் 12, புதன்.
விளக்கம் கொடுத்துவிட்டேன். குழு நாளை காலை ஐந்து மணிக்கு முகட்டு வழியாகப் போகிறது. வடசரிவில் என்ன இருக்கிறது என்று இன்னும் தெரியாது.
நாளை: காலை எட்டு மணிக்குக் கிடங்கு. தாள் 44. மூலத்தையும் கணினிப் பிரதியையும் பக்கத்தில் வைத்து, இணைத்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மொத்தம் 187 இடங்கள். ஓரக் குறிப்புகளை முதலில் படிக்க வேண்டும்.